நிறுத்துகிற கை

கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் மறுநாளே வக்கீல் நோட்டீஸ் வரும். அதில் மட்டும் அவர்கள் நேரம் தவறமாட்டார்கள். எனவே கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம். அவர்கள் விற்ற சரக்கின் பெயர் ‘முன்கை’. பந்தயத்தில் இருக்கும் நாங்கள் ஸ்லீவ் என்போம். மணிக்கட்டிலிருந்து தோள்வரை இறுக்கமாக மாட்டுகிற கறுப்பு உறை, பிடரியில் ஒட்டுகிற ஒரு வில்லை, அவ்வளவுதான். அதை மாட்டிக்கொண்டு கார் ஓட்டியதில் ஒரு மனிதர் செத்தார். ஒரு பெண் கொலைகாரி என்று பெயர் வாங்கினாள். கம்பெனிக்கு ஒரு கீறல்கூட இல்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

நான் கிட்டுசாமி. கோயமுத்தூரில் ரேஸ் இன்ஜினீயர். பந்தயம் நடக்கும்போது ஓட்டுபவரின் காதில் ரேடியோவில் பேசுகிறவன். அந்தப் பெண் சஷ்மிதாவின் காதில் ஆறு வருடம் பேசியிருக்கிறேன். அவளுடைய அப்பனைவிட நான்தான் அவளை அதிகம் திட்டியிருப்பேன்.

நாமக்கல்காரி. அப்பாவுக்கு மூன்று லாரிகள். பள்ளிக்கூடம் போகிற வயதில், யார்டுக்குள் நின்ற டாரஸ் லாரியை யாருக்கும் தெரியாமல் பின்னால் எடுத்து, இரண்டு வண்டிகளுக்கு நடுவில் உரசாமல் நிறுத்தியவள். அதற்கு அப்பாவிடம் வாங்கிய உதைக்குப் பிறகுதான் அவரே அவளைக் கோயமுத்தூருக்குக் கூட்டிவந்து கோ-கார்ட் வண்டியில் உட்காரவைத்தார். பெட்ரோல் பங்க்கும் கல்லூரியும் வைத்திருக்கிறவர்களின் பையன்கள் புது டயரில் ஓட, இவள் பழைய டயரில் ஓடி அவர்களை முந்தினாள். இருபது வயதில் தேசியக் கோப்பை. அடுத்து ஜப்பான் டீம் ஒன்றில் ஓட்டுநர் இருக்கை. அதற்கான செலவை ஏற்க வந்ததுதான் கம்பெனி. ஒரே நிபந்தனை, ஸ்லீவ் போட வேண்டும்.

கம்பெனியின் டைரக்டர் ஹேமந்த் எங்கள் ஷெட்டுக்கே வந்தார். வெள்ளைச் சட்டை, கிரீஸ் படாமல் நிற்கத் தெரிந்தவர்.

“சிம்பிளா சொல்றேன் சார். நீங்க கையைத் திருப்பணும்னு நினைக்கறதா உணர்றதுக்கு முன்னாடியே உங்க மூளை ஆர்டர் போட்டுடுது. அது நரம்பு வழியா இறங்கி, கை வேலை செய்யறதுக்குள்ள கால் வினாடி போயிடுது. நாங்க அந்த ஆர்டரைப் பிடரியிலயே பிடிச்சு, ஸ்லீவ் வழியா நேரா தசைக்குக் கொடுத்துடறோம்.”

“அந்தக் கால் வினாடியில உள்ள என்ன நடக்குது?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் நடக்கல. வேஸ்ட்” என்றார்.

கேட்டதற்குப் பதில் இருந்ததால் நானும் தலையாட்டினேன். எல்லா டீமும் தலையாட்டின. ஒருவன் போட்டால் மற்றவனும் போட்டே தீர வேண்டும். போடாதவன் முதல் வளைவிலேயே பின்தங்குவான். இதற்குப் பெயர் விருப்பத் தேர்வாம். பத்திரிகையில் அப்படித்தான் எழுதினார்கள்.

முதல் நாள் ஓட்டிவிட்டு இறங்கிய சஷ்மி சிரித்துக்கொண்டே, “கிட்டண்ணா, நான் நெனைக்கறதுக்கு முன்ன வண்டி திரும்புதுங்ணா” என்றாள். அந்த வருடம் ஐந்து பந்தயம் வென்றாள். ஆறாவது பந்தயத்தன்று மழை.

எங்கள் டிராக்கில் ஒவ்வொரு வளைவிலும் மார்ஷல்கள் நிற்பார்கள். கொடி காட்டுவது, நின்றுபோன வண்டியைத் தள்ளிவிடுவது, மாட்டிக்கொண்டவனை வெளியே இழுப்பது எல்லாம் அவர்கள் வேலை. சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரியாணிப் பொட்டலமும் ஒரு தொப்பியும் கொடுப்போம். ஏழாவது வளைவில் எட்வின் நிற்பார். வாரம் முழுக்க மில்லில் ஃபிட்டர், ஞாயிறு காலை ஜெபம் முடிந்ததும் டிராக். பந்தயத்துக்கு முந்தின நாள் ஓட்டுநர்கள் டிராக்கை நடந்து பார்ப்பது வழக்கம். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். சஷ்மி ஒவ்வொரு மார்ஷலிடமும் நின்று தண்ணீர் எங்கே தேங்கும் என்று கேட்டுக்கொண்டு போவாள். எட்வின்தான் காலால் தேய்த்துக் காட்டுவார்.

அன்று ஏழாவது வளைவில் ஒரு கார் சுழன்று நின்றது. எட்வின் மஞ்சள் கொடியைத் தன் ஜோடி மார்ஷலிடம் கொடுத்துவிட்டு, அந்தக் காரின் கதவைத் திறக்க ஓடினார். சஷ்மி வளைந்து வந்தாள். கொடியைப் பார்த்து வேகத்தைக் குறைத்தாள், அதற்கு ரெக்கார்ட் இருக்கிறது. வலது பக்கம் ஒரு லாரியே போகலாம், அவ்வளவு இடம். கார் சட்டென்று எட்வின் நின்ற இடது பக்கம் திரும்பியது.

ரேடியோவில் அவள் சத்தம் ஒன்றும் வரவில்லை. நான்தான் பேர் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரத்தில் கம்பெனி ஒரு வரைபடத்தை வெளியிட்டது. ‘இடது’ என்ற ஆணை அவள் மூளையிலிருந்தே கிளம்பியிருக்கிறது, ஸ்லீவ் அதை ஒழுங்காக நிறைவேற்றியிருக்கிறது, இயந்திரத்தில் கோளாறு இல்லை. டிவிக்காரர்கள் அந்தக் கோட்டைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினார்கள். எட்வினின் மனைவி ஷீலா டீச்சர் துக்க வீட்டில் மைக்கை நீட்டியவர்களிடம், “அந்தக் கை விளங்காமப் போகட்டும்” என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நான் அந்த இடத்தில் இருந்தால் கையோடு விட்டிருக்க மாட்டேன்.

பிறகு கம்பெனி ஒரு சமாதானம் பேசியது. ஓட்டுநர் பிழை என்று சஷ்மி ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் இரண்டு வருடத் தடை, அதற்குப் பிறகு ஜப்பான் இருக்கை அப்படியே காத்திருக்கும். மறுத்தால் மோட்டார் பந்தயச் சம்மேளனத்தின் விசாரணைக் குழு முன்னால் போக வேண்டும். அங்கே தோற்றால் வாழ்நாள் முழுக்க ஸ்டியரிங்கைத் தொட முடியாது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நினைக்கிறவர்களுக்கு இது கருணையாகத்தான் தெரியும்.

நாமக்கல் போனேன். யார்டில் ஒரு லாரியின் படியில் உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதமாக ஸ்கூட்டிகூட எடுக்கவில்லை என்று அவள் அப்பா சொன்னார். “கையெழுத்த போட்ரச் சொல்லுங்க கிட்டண்ணா. வயசு இருக்குது. ரெண்டு வருசம் கண்ண மூடித் தொறந்தா போயிரும்” என்று என்னிடம் கெஞ்சிவிட்டு உள்ளே போனார்.

“ஏன் போட மாட்டேங்கறே?” என்று கேட்டேன்.

“அது நானான்னு எனக்குத் தெரியோணுங்ணா.”

“நீ இல்ல. எனக்குத் தெரியும்.”

“உங்களுக்குத் தெரியாதுங்ணா. உங்களுக்குப் பாசம்.” தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஆர்டர் என்ற மண்டையில இருந்துதான் போயிருக்குது. அவங்க பொய் சொல்லல. அந்தக் கோட்டை நானும் பாத்தேன்.”

“அப்புறம் என்ன?”

“கார்ட் ஓட்டறப்ப மொத நாள் என்ன சொல்லிக் கொடுத்தீங்க?”

எல்லாருக்கும் சொல்வதுதான். சுவரைப் பார்க்காதே, போக வேண்டிய வழியைப் பார். கண் போகிற இடத்துக்குக் கை போகும், கை போகிற இடத்துக்கு வண்டி போகும். புதிதாக ஓட்டுகிறவன் எல்லாம் சுவரைப் பார்த்துப் பயந்து, பார்த்த சுவரிலேயே போய் முட்டுவான்.

“நான் எட்வின் சாரைப் பாத்துட்டேனுங்ணா” என்றாள். “தெரிஞ்ச ஆளு. அவரு மேல ஏத்தறதுக்குப் பாக்கல. ஏறிடக் கூடாதுன்னு பாத்தேன். பாத்த ஒடனே கை ஒரு துளி அந்தப் பக்கம் இழுக்கும். அல்லாருக்கும் இழுக்கும். ஆனா நாம விட மாட்டோமுல்ல? புடிச்சுக்குவோம். எத்தன மழையில எத்தன தடவ புடிச்சிருப்பேன், வண்டிக்கே தெரிஞ்சிருக்காது. அன்னிக்கும் புடிக்கத்தாம் போனேன். புடிக்கறதுக்குள்ள திரும்பிருச்சு.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கால் வினாடியில் ஒன்றும் நடக்கவில்லை, வேஸ்ட் என்றானே அந்தப் படுபாவி. ஆறு வருடமாக நான் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்த அத்தனையும் அதற்குள்தான் இருந்தது. ஒரு ஓட்டுநர் கெட்டிக்காரரா இல்லையா என்பது கை எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதில் இல்லை. போகிற கையை எவ்வளவு சீக்கிரம் திரும்பக் கூப்பிடுகிறார் என்பதில் இருக்கிறது. அதைக் குப்பை என்று வெட்டி எறிந்துவிட்டு, அதற்கு விலை வேறு வைத்திருக்கிறார்கள்.

“இதையே விசாரணையில சொல்லு” என்றேன்.

“நம்புவாங்களா?”

“நம்பலைன்னா போறாங்க” என்று சொல்லிவிட்டேன். சொல்வது எனக்குச் சுலபம். தோற்றால் அவள் வாழ்க்கை போச்சு.

விசாரணை சென்னையில் ஒரு ஹோட்டலின் மீட்டிங் ஹாலில். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி அரங்கநாதன். நீளமான மேஜை. ஒரு பக்கம் அவரும் குழுவும், ஓரத்தில் பேசுவதையெல்லாம் தட்டச்சு செய்கிற ஒருவர். எதிர்ப்பக்கம் ஹேமந்தும் அவருடைய டெக்னீஷியன் பெண்ணும், முன்னால் ஒரு ஸ்லீவ், ஒரு திரை. மேஜையின் இந்த முனையில் சஷ்மியும் நானும். சுவர் ஓரமாகத் தனி நாற்காலியில் ஷீலா டீச்சர். நஷ்டஈடு பற்றிக் கேட்க அவரை வரவழைத்திருந்தார்கள். அவர் சஷ்மியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சஷ்மி நாமக்கல்லில் சொன்னதையே சொன்னாள். அங்கே தெளிவாகச் சொன்னவள் இங்கே திக்கினாள். ஹேமந்த் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

“ரொம்ப வருத்தமான விஷயம்தான் சார். ஆனா ஸ்லீவுக்குன்னு சொந்தமா ஒரு எண்ணம் கிடையாது. யார் போட்டாலும், அவங்க மூளை என்ன சொல்லுதோ அதைத்தான் செய்யும். அஞ்சே நிமிஷத்துல யாருக்கு வேணாலும் செட் பண்ணலாம். இவங்க முடிவு இவங்களோடது. நாங்க அதைக் கொஞ்சம் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்தோம், அவ்வளவுதான்.”

“அப்படீன்னா நீங்க போடுங்க சார்” என்றாள் சஷ்மி.

“நானா?”

“ஆமாங்க. போட்டுக்கிட்டு எனக்கு எதுக்கால நில்லுங்க. நான் வாயில வந்தபடி பேசறேன். உங்க கை சும்மா இருக்குதான்னு பாக்கலாம்.”

ஹேமந்த் சிரித்தார். இது விசாரணை, வேடிக்கை காட்டுகிற இடமில்லை என்றார். தனக்கு ரத்த அழுத்தம் இருப்பதாகவும் சொன்னார். தான் விற்கிற சரக்கைத் தான் போட்டுக்கொள்ளாதவனை அந்த மேஜையில் யாருமே ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு நாற்காலியைத் தூக்கி அடிக்கலாம் போலிருந்தது. நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

“எனக்குப் போட்டு விடுங்க” என்று ஒரு குரல் வந்தது.

ஷீலா டீச்சர் எழுந்து நின்றிருந்தார்.

“அம்மா, இது உங்களுக்கு எதுக்கு?” என்றார் நீதிபதி.

“இந்தப் பொண்ணு சொல்றது பொய்யின்னா எனக்குத் தெரியணும். நெசம்னாலும் தெரியணும். நஷ்டஈடு எவ்வளவுன்னு நீங்க அப்புறம் பேசிக்கங்க. யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?”

நீதிபதி குழுவைப் பார்த்தார். குழுவினர் தலையாட்டினார்கள். ஹேமந்த் வேண்டாம் என்று வாயெடுத்தார். யாருக்கு வேண்டுமானாலும் போடலாம் என்று இப்போதுதானே சொன்னீர்கள் என்று நீதிபதி கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். டெக்னீஷியன் பெண் டீச்சரின் புடவைத் தலைப்பை ஒதுக்கி, வலது கையில் ஸ்லீவை மாட்டி, பிடரியில் வில்லையை ஒட்டினாள். திரையில் ஒரு கோடு ஓட ஆரம்பித்தது.

“இங்க வா” என்றார் டீச்சர்.

சஷ்மி போய் எதிரில் நின்றாள். “நான் என்னங்க பண்ணோணும்?”

“ஒண்ணும் பண்ண வேண்டாம். என் மூஞ்சியப் பாரு. கேட்டதுக்குப் பதில் சொல்லு. அவரு கடைசியா என்ன பண்ணிட்டிருந்தாரு?”

சஷ்மி அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். “என்னையப் பாத்துக் கையைக் காட்டுனாருங்க. மெதுவா வா, மெதுவா வான்னு.”

அறை விழுந்த சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. சஷ்மியின் தலை ஒரு பக்கம் திரும்பிப் போயிற்று. கை ஓங்கியதையே நாங்கள் யாரும் பார்க்கவில்லை. டீச்சரும் பார்த்திருக்க மாட்டார். அவர் முகத்தில் இருந்தது கோபமே இல்லை, திடுக்கிட்ட முகம். தன் கையை அடுத்தவர் கை மாதிரி பிடித்துக்கொண்டார்.

“ஐயோ, நான் அடிக்கல” என்றார். “நான் அடிக்கல பாப்பா.”

ஹேமந்துக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. திரையைக் காட்டினார். “அடிச்சது நீங்கதாம்மா. இதோ பாருங்க, ஆர்டர் உங்க மூளையிலிருந்துதான் கிளம்பியிருக்கு. உங்க கோபம் நியாயமானது, யாரும் தப்பு சொல்லல. ஆனா முடிவு உங்களோடது.”

டீச்சர் அந்தக் கோட்டைப் பார்த்தார்.

“கிளம்பும்” என்றார். “தெனமும் கிளம்பும். இருபது வருஷமா எட்டாங்கிளாஸ் பசங்களுக்குக் கணக்கு எடுக்கறேன். ஒரு நாளைக்கு நாலு தடவ இந்தக் கை மேல போகும். இன்னி வரைக்கும் ஒரு குழந்தை மேல பட்டதில்ல. எவளோ ஒருத்தி உள்ள இருந்து அடின்னு சொல்றா, அவ பேரு எனக்குத் தெரியாது. வேண்டாம்னு நிறுத்தறா பாருங்க, அவதான் நான். ஷீலாங்கறது அவ பேரு. அவ வர்றதுக்குள்ள உங்க மெஷின் அடிச்சிருச்சு.”

“அம்மா, டெக்னிக்கலா பார்த்தா...”

“இருங்க” என்றார் டீச்சர்.

ஸ்லீவைக் கழற்றினார். இறுக்கமான உறை, சுலபத்தில் வரவில்லை. டெக்னீஷியன் பெண் உதவிக்கு வந்தாள். கழற்றியதை மேஜைமேல் வைத்தார். பிடரியில் இருந்த வில்லையைப் பிய்த்து அதன்மேல் வைத்தார். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். பிறகு மேஜையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்.

நீளமான மேஜை என்று சொன்னேன் அல்லவா. எங்களைத் தாண்டிப் போனார். குழுவினர் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார். தடுத்திருக்கலாம், யாரும் தடுக்கவில்லை. “அம்மா, உட்காருங்க” என்றார் நீதிபதி. டீச்சர் அவரிடம் தலையசைத்துவிட்டு மேலே நடந்தார். ஹேமந்துக்கு விஷயம் புரிந்து, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழவும் நேரம் இருந்தது. எழுந்து, கைகளைத் தூக்கி, “மேடம், மேடம்” என்றார். டீச்சர் அவர் எதிரில் நின்றார். கையை ஓங்கினார். ஓங்கிய கை மேலே நின்றது. எல்லாரும் பார்த்தோம், நன்றாக நின்றது.

அப்புறம் இறங்கியது.

வெள்ளைச் சட்டைக்காரர் நாற்காலியிலேயே திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

“இது நான் அடிச்சது” என்றார் டீச்சர். மூச்சுகூட வாங்கவில்லை. “எழுதிக்கங்க. ஷீலா எட்வின், சுய புத்தியோட அடிச்சா. போலீஸைக் கூப்பிடறதுன்னா கூப்பிடுங்க.”

தட்டச்சு செய்கிறவர் கடமை தவறாதவர். குனிந்து அடித்துக்கொண்டே இருந்தார். பிறகு நிறுத்தி, தலையைத் தூக்கி, நீதிபதியிடம் கேட்டார்.

“ஐயா, ரெண்டாவது அடி இவங்க பேர்ல போட்டுட்டேன். முதல் அடி யார் அடிச்சதுன்னு போடறது?”

அரங்கநாதன் மேஜைமேல் கிடந்த ஸ்லீவைப் பார்த்தார். சஷ்மியின் கன்னத்தில் பதிந்திருந்த ஐந்து விரல்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவசரப்படவே இல்லை.

“அந்தம்மா இல்ல” என்றார். “முதல்ல அதை எழுதுங்க.”

விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத சஷ்மி, என் தோளைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.